குளிர்காலம் வரை காத்திருந்த கதை

ஒரு ஏப்ரல் மாத வெள்ளிக்கிழமை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூலக வகுப்புக்கு வந்திருந்தார்கள். பெரிய திரையில் அவர்களுக்கு ஒரு கயோட்டிக் கதையைப் போட்டுக் காட்டினேன். கயோட்டி என்பது அமெரிக்கப் பாலைநிலங்களில் திரியும் ஓநாய் இன விலங்கு. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் கதைகளில் அதற்குப் பெரிய இடம் உண்டு. நம் கதைகளில் வரும் நரியைப் போலத் தந்திரம் செய்து தானே மாட்டிக்கொள்ளும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு சிறுமி மட்டும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தூக்கம் வருகிறது போலும் என்று நினைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். கோபமில்லாமல்தான் பேசினார். "நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கதைகளை நாங்கள் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வோம். முதல் உறைபனி விழுந்த பிறகு, முதல் இடி இடிக்கும் முன். பாம்பும் கரடியும் உறங்குகிற காலம் அது. மற்ற மாதங்களில் அந்தக் கதை காதில் விழக்கூடாது என்று என் மகளுக்கு அவள் பாட்டி சொல்லி வளர்த்திருக்கிறார்."

நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் புறநகரில் ஒரு தொடக்கப் பள்ளி நூலகர். புத்தகங்களோடு கணினி, வீடியோ அழைப்பு, வரைபடம் எல்லாம் என் பொறுப்பு. ஒரு கதை இணையத்தில் இருந்தால் அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. கதைக்குப் பருவம் உண்டு என்பதை வீடியோவின் கீழே யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. இன்னொரு சமூகத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நாம், அவர்களிடம் இருப்பதை மட்டும் காட்டினால் போதாது. எதை, எப்போது, யார் சொல்ல வேண்டும் என்று அவர்கள் வைத்திருக்கும் வரம்பையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இந்தக் கட்டுரையிலும் அந்தக் கதை வராது. நீங்கள் இதை எந்த மாதத்தில் வாசிக்கிறீர்களோ, எனக்குத் தெரியாதே.

தமிழ் வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு நவஹோ என்ற பெயரே சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் வழியாகத்தான் அறிமுகம். நவஹோக்களின் தலைவரான 'இரவுக் கழுகு' டெக்ஸ் வில்லர், கூடவே அவருடைய உயிர்த்தோழன் கிட் கார்சன். என் அண்ணன் அந்தப் புத்தகங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். திருட்டுத்தனமாக எடுத்துப் படித்தே வளர்ந்தேன். அமெரிக்கா வந்து பல வருடங்கள் கழித்துத்தான் வரலாற்றிலிருந்த கிட் கார்சனைத் தெரிந்துகொண்டேன். 1863-64இல் நவஹோக்களைப் பணியவைக்க அமெரிக்க ராணுவம் அனுப்பிய படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். சோளக்காடுகள் எரிக்கப்பட்டன, ஆடுகள் கொல்லப்பட்டன. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் அந்த மக்கள் வளர்த்திருந்த பீச் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அந்தக் காமிக்ஸை யாரும் தூக்கி எறிய வேண்டாம். வீட்டில் அதைப் படிக்கும் பிள்ளையிடம் இதையும் சொல்லுங்கள். 'செவ்விந்தியர்' என்ற சொல்லையும் நாம் விட்டுவிடலாம். அவர்கள் தங்களை டினே என்கிறார்கள். அவர்கள் மொழியில் 'மக்கள்' என்று பொருள்.

நவஹோ என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது என்று பிள்ளைகளை வரையச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் கூம்புக் கூடாரமும் இறகுக் கிரீடமும் வரைகிறார்கள். இரண்டும் சமவெளிப் பழங்குடிகளுடையவை. டினே மக்களின் மரபு வீடு ஹோகன். மரமும் மண்ணும் கொண்டு கட்டுவது, வாசல் கிழக்கு பார்த்திருக்கும். இணையத்தில் பழைய படங்களைத் தேடினால் எட்வர்ட் கர்ட்டிஸ் 1904இல் எடுத்த ஒரு புகைப்படம் அடிக்கடி கண்ணில் படும். குதிரைமீது நவஹோக்கள் வரிசையாக இருளை நோக்கிப் போகிறார்கள். அவர் அதற்கு வைத்த தலைப்பு 'மறைந்துபோகும் இனம்'. அந்தப் படத்தைத் திரையில் போட்டு, பக்கத்திலேயே இன்றைய கணக்கை எழுதுவேன். நவஹோ நேஷனில் பதிவு பெற்ற உறுப்பினர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் 27,000 சதுர மைலுக்கு மேல் பரந்த நிலம். இலங்கையைவிடச் சற்றுப் பெரியது. தலைநகர் விண்டோ ராக். தனி அதிபர், 24 பேர் கொண்ட மன்றம், நீதிமன்றங்கள், காவல்துறை எல்லாம் உண்டு. "அப்படியானால் அந்த ஃபோட்டோ பொய்யா?" என்று ஒரு பையன் கேட்டான். ஃபோட்டோ பொய்யில்லை, தலைப்புத்தான் பொய் என்றாள் இன்னொருத்தி. அன்றைய பாடத்தை அவளே முடித்துவிட்டாள்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. எழுதியவர் யார் என்று முதலில் பார்ப்பேன், பிறகு கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று. நவஹோ பாத்திரங்கள் எல்லாப் புத்தகத்திலும் நூறு வருடத்துக்கு முன்பே வாழ்ந்தால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் டினே பிள்ளைக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. ஃபிளாக்ஸ்டாஃபில் இயங்கும் சலினா புக்ஷெல்ஃப் என்ற பதிப்பகம் நவஹோவும் ஆங்கிலமுமாக இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. நாம்பே பியூப்ளோ என்ற பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த டெபி ரீஸ், பழங்குடிகளைப் பற்றிய சிறுவர் நூல்களை 2006 முதல் தன் தளத்தில் அலசி எழுதிவருகிறார். புதிதாக ஒரு புத்தகம் வாங்கும் முன் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிடுவேன்.

1970களின் தொடக்கத்தில் வந்து பரிசும் பெற்ற ஒரு படப்புத்தகம் எங்கள் அலமாரியில் வெகுகாலம் இருந்தது. தறியில் உள்ள விரிப்பு முடியும்போது தான் மண்ணுக்குப் போய்விடுவேன் என்று பாட்டி சொல்கிறாள். பேத்தி இரவில் எழுந்து நெசவைப் பிரிக்கிறாள். அருமையான கதை, வாசிக்கும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். ஆனால் மரபைப் பேணும் டினே வீடுகளில் சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதைத் தவிர்ப்பார்கள். சொன்ன சொல் நடந்துவிடும் என்ற அச்சம் அது. நம் வீடுகளில் "அபசகுனமாப் பேசாதே" என்று அதட்டுவதில்லையா? எங்கள் அலமாரியை ஒரு டினே ஆசிரியையிடம் காட்டியபோது, இந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எந்தப் பாட்டி இப்படிச் சொல்வாள்?" என்று மட்டும் கேட்டார். புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு உரக்க வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பதிலாக நான் விரும்பி எடுப்பது டினே எழுத்தாளர் டேனியல் வாண்டவர் 2017இல் வெளியிட்ட 'ஃபால் இன் லைன், ஹோல்டன்!' விடுதிப் பள்ளியில் படிக்கும் ஒரு பையன். வரிசையில் நில், வரிசையில் நட என்று அதட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் கண்ணோ போகிற வழியில் இருப்பதையெல்லாம் அதிசயமாகப் பார்க்கிறது. எங்கள் பிள்ளைகளும் நூலகத்துக்கு வரிசையில்தான் வருகிறார்கள், எனவே முதல் பக்கத்திலேயே அவன் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுகிறான். அதன் பிறகுதான் விடுதிப் பள்ளிகளின் வரலாற்றைச் சொல்வேன்: பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள், தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு போதும்.

தண்டனை பெற்ற அதே மொழிதான் பின்னாளில் அந்த நாட்டுக்கு உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 29 நவஹோ இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் தங்கள் மொழியில் ஒரு சங்கேதத்தை உருவாக்கினார்கள். டாங்கிக்கு ஆமை, நீர்மூழ்கிக்கு இரும்பு மீன், குண்டுக்கு முட்டை. போர் முடியும்வரை எதிரியால் அதை உடைக்க முடியவில்லை. 1968 வரை அது ரகசியம், வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. அந்த 29 பேருக்கும் தங்கப் பதக்கம் வந்தது 2001இல். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள்.

மொழியைக் காதால் கேட்காமல் பாடம் முழுமையாகாது. 2016இல் 'ஃபைண்டிங் நீமோ' நவஹோவில் வெளிவந்தது. படத்தை ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு நிமிடம் அதைக் கேட்கும்போது வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. காட்சி தெரியும், மொழி புதிது. அஸே என்ற சொல்லைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் மருந்து, உயர்ந்த தொனியில் சொன்னால் வாய். அதனால்தான் நவஹோவை எழுதும் ஆங்கில எழுத்துகளின் தலையில் தொனியைக் காட்டும் கோடுகளைச் சோம்பலில் விட்டுவிடாமல், விசைப்பலகையில் தேடி எடுத்துத் தட்டச்சு செய்யப் பழக்குகிறேன்.

உறவுமுறைப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. டினே ஒருவர் தன்னை அறிமுகம் செய்யும்போது நான்கு குலங்களைச் சொல்வார்: அம்மாவின் குலம், அப்பாவின் குலம், அம்மாவின் அப்பா குலம், அப்பாவின் அப்பா குலம். பிள்ளை அம்மாவின் குலத்தைச் சேர்ந்தது. அம்மாவின் தங்கையை அழைக்கும் சொல் 'ஷிமா யாஜி'. 'ஷிமா' என் அம்மா, 'யாஜி' சின்ன. முதன்முதலாக அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சின்னம்மா! ஆங்கிலத்தில் ஒரே 'ஆன்ட்டி'யில் அடங்கிப்போகும் உறவுக்கு இந்தப் பாலைநிலத்தில் நம் சொல்லே நிற்கிறது. எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகள்தான், ஆனாலும் வகுப்பில் இருந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் அன்று ஷிமா யாஜி என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். இந்தப் பாடத்தில் ஒரு எச்சரிக்கை: 'நீயும் ஒரு குலப்பெயர் வைத்துக்கொள்' என்று பயிற்சி கொடுக்காதீர்கள். குலம் பிறப்போடு வருவது, விளையாட்டுக்குச் சூட்டிக்கொள்வதில்லை. தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள் என்பதால் 'உன்னை வளர்ப்பவர்கள் நாலு பேரைச் சொல்' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

வண்ண மணலைப் பசை தடவிய அட்டையில் ஒட்டி 'நவஹோ மணலோவியம்' செய்யும் பாடத்திட்டங்கள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. வேண்டாம். அது நோய் தீர்க்கும் சடங்கில் மருத்துவர் வரைவது, சடங்கு முடிந்ததும் அழித்துவிடுவது. நம் கோலத்தோடு ஒப்பிடத் தோன்றும். கோலம் ஊர் பார்க்க வாசலில் போடுவது, இது அப்படியல்ல.

ராணுவம் நவஹோக்களைச் சொந்த நிலத்திலிருந்து விரட்டி நடத்திச் சென்ற நெடுநடையைக் கற்பிக்கவும் பிள்ளைகளை மைதானத்தில் நடக்கவிட்டு 'அனுபவிக்க' வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மக்களின் துயரம் விளையாட்டு நேரமாகிவிடக்கூடாது. நான் கூகுள் எர்த்தைத் திறப்பேன். 1864இல் அவர்களை நடத்திச் சென்ற இடம் நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ. டினே மொழியில் ஹ்வேல்டி. 300 மைலுக்கு மேல். திரையில் அந்தத் தூரத்தை மெதுவாக நகர்த்துவோம், யாரும் பேசமாட்டோம். 8,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டார்கள். தண்ணீர் உப்பு, பயிர் விளையவில்லை, நோய் தின்றது. 1868 ஜூன் 1இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஊர் திரும்பினார்கள். நான்கு புனித மலைகளில் தெற்கு மலையான மவுண்ட் டெய்லர் தூரத்தில் தெரிந்தபோது, அது நம் மலைதானா என்று திகைத்ததையும், தரையோடு பேசவேண்டும்போல் இருந்ததையும் தலைவர் மனுவெலிட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே இடத்தில் திரையை நிறுத்துவேன். அல்புகர்க்கியிலிருந்து மேற்கே பார்த்தால் அந்த மலை இன்றும் தெரிகிறது.

ஏப்ரல் தவறைச் சரிசெய்ய எனக்கு வழிகாட்டியவர் அந்தச் சிறுமியின் அம்மாதான். நவஹோ நேஷனில், சின்லி என்ற ஊர் அருகே இருக்கும் பாட்டியையே பேசச் சொல்லலாம் என்றார். செப்டம்பரில், கதைக்கு அல்ல, ஆடு வளர்ப்பு பற்றிப் பேச முதல் அழைப்பு. பத்து மணி என்று சொல்லிவைத்தேன். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நேஷன் மாற்றும். எங்கள் பத்து மணி அவர்களுக்குப் பதினொன்று. வீட்டில் இணையம் இல்லாததால் பாட்டி தன் சின்ன மகள் வீட்டுக்கு 12 மைல் வந்து, கைபேசிக்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார். இத்தனை வருடம் இதே மாநிலத்தில் வேலை செய்துகொண்டு இதைத் தெரியாமல் இருந்தது என் குறை. மன்னிப்புக் கேட்டேன். பாட்டி ஆட்டின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபரிலிருந்து தினமும் காலையில் சின்லியின் வெப்பநிலையைத் திரையில் பார்ப்பது நான்காம் வகுப்பின் வேலையாயிற்று. 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது உறைநிலைக்குக் கீழே போன அன்று எல்லோரும் கத்தினார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், பனி கிடக்கட்டும் என்று பாட்டி சொல்லி அனுப்பினார். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அழைத்தார். அவருக்குப் பின்னால் சன்னல், சன்னலுக்கு வெளியே வெள்ளை. பதிவு செய்யும் பொத்தானை அணைத்துவிட்டேன் என்று பிள்ளைகளிடம் காட்டினேன். பாட்டி நவஹோவில் சொல்லச் சொல்ல, ஏப்ரலில் மேசையில் தலை கவிழ்த்த அதே சிறுமி எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்து நின்றுவிட்டது. பாட்டியும் சிரித்தார். மொழி புரியாத நாங்களும் சிரித்தோம்.

அன்று காய்ச்சலில் வராமல் போன ஒரு பையன் மறுநாள் என்னிடம் வந்து, "லிங்க் அனுப்புவீங்களா?" என்றான். லிங்க் இல்லை என்றேன். முகம் வாடிப்போனான். சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சிறுமி தன் தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "பாட்டியிடம் கேட்டுவிட்டேன், இடி இடிக்கிறவரை சொல்லலாம்" என்றாள்.