எந்த சால்மோனெல்லா என்று கேளுங்கள்

அறுத்த கோழியின் கல்லீரலைத் தட்டில் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பண்ணைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக வீங்கி, கருஞ்சிவப்பாக இருந்த கல்லீரல், காற்றுப் பட்டதும் மெல்ல மெல்ல வெண்கலப் பாத்திரத்தின் நிறத்துக்கு வந்தது. மண்ணீரலும் வீங்கியிருந்தது. சினைப்பையில் திராட்சைக் கொத்துப் போல இருக்க வேண்டிய மஞ்சள் கருக்கள் சுருங்கியும் கோணலாகவும் கிடந்தன. ஒன்றிரண்டு கறுத்தே போயிருந்தன.

“கோழி டைபாய்டு மாதிரி தெரிகிறது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாதான் காரணம். ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்” என்றேன்.

“போன வருஷமும் எச்சத்துல சால்மோனெல்லா இருக்குன்னுதானே டாக்டர் ரிப்போர்ட் வந்துச்சு? அப்ப ஒரு கோழிகூடச் சாகலையே?”

நியாயமான கேள்வி. பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ‘சால்மோனெல்லா: உண்டு’ என்பதோடு சரி. என்ன வகை என்று யாரும் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் போன்றவை வளர்ந்த கோழியின் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். கோழி தின்னும், முட்டை போடும், எடை ஏறும். வயிற்றுப்போக்கில் படுப்பது அதைச் சாப்பிடும் மனிதர்தான். காலினேரம் என்ற வகை இதற்கு நேர் எதிர். மனிதரை அது அநேகமாகத் தொடுவதில்லை, கோழியைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுவிடும்.

கொல்லும் கிருமியிடம் கூடுதலாக ஏதோ ஆயுதம் இருக்கும் என்றுதான் கல்லூரி நாட்களில் நானும் நினைத்திருந்தேன். 2008இல் காலினேரம், என்டெரிடிடிஸ் இரண்டின் முழு மரபணுத் தொகுப்பும் ஒப்பிடப்பட்டபோது கதை வேறாக இருந்தது. காலினேரம் என்பது என்டெரிடிடிஸ் வழியில் அண்மைக்காலத்தில் கிளைத்த உறவுதான். ஆனால் வழியில் ஏகப்பட்டதைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறது. 300க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உடைந்து, வேலை செய்யாமல் கிடக்கின்றன. குடலில் தங்கிப் பிழைக்கத் தேவையான பல மரபணுக்களும் அதில் அடக்கம்.

உடைந்தது எப்படிக் கொலைகாரனாக்கும்? ஒரு சோதனைக் குழாயைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். கிருமி வளர்க்கும் அகார் என்ற பாதி கெட்டியான கூழில் கம்பியால் கிருமியைக் குத்தி வைத்து மறுநாள் எடுத்துப் பார்ப்போம். என்டெரிடிடிஸ் என்றால் குழாய் முழுக்க மேகம் போலக் கலங்கியிருக்கும், நீந்திப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். காலினேரம் கம்பி போன தடத்திலேயே ஒரு கோடாக நிற்கும். நீந்த உதவும் கசையிழை அதற்கு இல்லை. கோழியின் குடல் செல்கள் கிருமி வந்ததை அறிந்துகொள்ளும் முக்கிய அடையாளங்களில் ஒன்று அந்தக் கசையிழையின் புரதம். அது தட்டுப்பட்டால் உடனே அழற்சி கிளம்பும், வெள்ளணுக்கள் ஓடிவரும், கிருமி பெரும்பாலும் குடலோடு மடக்கப்படும். கசையிழை இல்லாதது நாய் குரைக்காத வீட்டில் திருடன் நுழைந்த மாதிரி சுவரைத் தாண்டிக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகிறது.

தொலைத்தது மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்க உதவும் ஒரு மரபணுத் தொகுதியை அது பத்திரமாக வைத்திருக்கிறது. கூடவே ஒரு பிளாஸ்மிட், அதாவது தனி வளையமாகச் சுற்றும் டிஎன்ஏ. ஆய்வகத்தில் இவற்றில் ஒன்றைப் பழுதாக்கினாலும் கிருமியின் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கோழியின் மரபும் சேர்ந்துகொள்ளும்: பழுப்பு முட்டையிடும் இனங்கள் வெள்ளை லெகார்னைவிட இந்த நோயில் சீக்கிரம் விழும்.

காலினேரத்தின் உடன்பிறப்பு புல்லோரம். அது தாக்கிய குஞ்சுகளின் ஆசனவாயில் சுண்ணாம்பு போல எச்சம் ஒட்டியிருக்கும். வெள்ளைக்கழிச்சல் என்றாலே ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்தான் என்று முடிவுகட்டி, அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புல்லோரம் பிழைத்த குஞ்சை விட்டுப் போவதில்லை. மண்ணீரலின் வெள்ளணுக்களில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து, கோழி முட்டைக்கு வரும் பருவத்தில் பெருகிச் சினைப்பைக்கு நகர்கிறது. முட்டைக்குள் போய் அடுத்த தலைமுறைக் குஞ்சுகளோடு பொரிகிறது. தாய்க்கோழிகளின் ரத்தத்தை ஆன்டிஜன், அதாவது செத்த கிருமிக் கரைசலின் துளியோடு தட்டில் கலந்து திரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஒரு சிக்கல்: இந்தச் சோதனை பிடிப்பது கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரை அடையாளத்துக்கு எதிராகக் கோழியின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை. புல்லோரம், காலினேரம், என்டெரிடிடிஸ் மூன்றுக்கும் அந்த அடையாளம் பொது. திரிந்தால் யார் என்று தெரியாது, கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மேலுறையைக் கட்டும் மரபணு ஒன்று கெட்டுப்போன காலினேரம்தான் 9ஆர் தடுப்பூசி. 1950களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. உயிருள்ள கிருமி என்பதால், ஊசி போடும் நாட்களில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் நோயைக் கொல்கிறோமோ இல்லையோ, தடுப்பூசியைக் கொன்றுவிடுவோம். இது ஊசி போடுபவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. கைரேஸ் என்ற நொதிக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், என்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் வலுவிழக்கும். இன்ஃபன்டிஸ் என்ற சால்மோனெல்லா வகையில் பரவியிருக்கும் ஒரு பெரிய பிளாஸ்மிட் பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே மூட்டையாகச் சுமக்கிறது. அதில் ஒரு மருந்தைக் கொடுத்தாலும் மூட்டை முழுவதையும் காப்பாற்றிக் கொடுத்ததாகிவிடும். மருந்துக்கு வேலை இருந்தாலும் சாவு குறையுமே தவிர, பிழைத்த கோழிகளில் பல கிருமியைச் சுமந்தபடிதான் இருக்கும்.

அப்புறம் அந்தப் பண்ணை. இந்த முறை வகை எழுதியே ரிப்போர்ட் வந்தது: காலினேரம். பாதித்த கொட்டகையைக் காலி செய்து, கழுவி, கிருமிநாசினி அடித்து முடித்திருந்தார். இருட்டிய பிறகு டார்ச்சோடு வாருங்கள் என்று கூட்டிப் போனேன். காலிக் கூண்டின் கம்பி இணைப்புகளில் காகிதத்தை நுழைத்து இழுத்ததும் சிவப்புப் புள்ளிகளாக நசுங்கின. கோழியின் ரத்தம் குடிக்கும் செள். காலினேரத்தை அடுத்த தொகுதிக்குக் கடத்தித் தரக்கூடியது, கோழியே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் வல்லது. புதுக் குஞ்சுகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். போனை எடுத்து, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றார்.