நான்கு அணுக்களுக்குள் ஒரு படம்

திண்டுக்கல்லைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தாவின் ஆக்ஃபா க்ளிக் கேமராவுக்குள், படம் எடுத்து முடித்தும் கழுவாமல் விடப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் கிடைத்ததாம். 1960இல் மத்திய அரசு ஊட்டியில் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் தயாரான 'இந்து' சுருள் அது. "படம் எடுத்த ஃபிலிமும் எடுக்காத ஃபிலிமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக அந்தப் படம் எங்கே இருந்தது? இப்போது கழுவினால் வருமா?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஃபிலிமின் அமைப்பைப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஒளி ஊடுருவும் நாடாவின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளி புரோமைடுப் படிகங்கள், அவற்றோடு சிறிதளவு அயோடைடு. ஒளி பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் என்று பாடநூல் சொல்லும். அது உண்மைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கறுக்க வேண்டுமானால் வெள்ளி உப்பு வெயிலில் நிமிடக்கணக்கில் கிடக்க வேண்டும். கேமராவின் ஷட்டரோ நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடுகிறது. அந்த நேரத்துக்குள் நடப்பது மிகச் சிறிய காரியம். அதை முறையாக விளக்கியவர்கள், 1938இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரொனால்ட் கர்னியும் நெவில் மாட்டும்.

ஒளியின் ஒரு துகள், அதாவது ஒரு ஃபோட்டான், படிகத்தில் விழும்போது புரோமைடு அயனி ஒன்றிலிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அந்த எலக்ட்ரான் படிகத்துக்குள் அலைந்து, எங்காவது ஒரு குறைபாடுள்ள இடத்தில், மேட்டு நீர் பள்ளத்தில் தேங்குவதுபோல, அகப்பட்டுக்கொள்கிறது. படிகத்துக்குள் தம் இருப்பிடத்தை விட்டு இடுக்குகளில் திரியும் சில வெள்ளி அயனிகள் எப்போதும் உண்டு. நேர்மின்னேற்றம் கொண்ட அவற்றில் ஒன்று, எலக்ட்ரான் அகப்பட்ட இடத்தை நோக்கி ஈர்க்கப்பட்டு, அதோடு சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. ஆனால் தனித்த ஓர் அணு நிலைப்பதில்லை. ஓரிரு நொடிகளில் மீண்டும் அயனியாகவும் எலக்ட்ரானாகவும் பிரிந்துவிடும். அதற்குள் இன்னொரு ஃபோட்டான் இன்னோர் எலக்ட்ரானை அதே இடத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அணுக்கள் சேர்ந்தால் நிலைக்கும், ஆயினும் அதனால் பயனில்லை. ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஒரே இடத்தில் கூடிவிட்டால், அந்தப் படிகம் ஒளியைப் பார்த்த படிகமாகிவிடுகிறது. கழுவப்படாத ஃபிலிமில் இருக்கும் படம் என்பது இதுதான்: படிகத்துக்கு நான்கைந்து அணுக்கள். இதை மறைபிம்பம் என்கிறோம்.

நான்கும் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்பதில்தான் நான் மிகவும் ரசிக்கும் செய்தி இருக்கிறது. ஒரே முறையில் தயாரித்தாலும், சில ஜெலட்டின்களில் செய்த ஃபிலிம் வேகமாகவும் (அதாவது, குறைந்த ஒளியிலேயே படம் பதிவதாகவும்) வேறு சிலவற்றில் செய்தது மந்தமாகவும் இருந்தது உற்பத்தியாளர்களை நெடுநாள் குழப்பியது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்டு 1925இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்: கடுகுக்குக் காரம் தரும் வகையைச் சேர்ந்த கந்தகச் சேர்மம், மாடு மேய்ந்த செடியிலிருந்து மிகச் சிறு அளவில் ஜெலட்டினுக்குள் வந்திருந்தது. அந்தக் கந்தகம் படிகத்தின் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. அவையே எலக்ட்ரான்கள் விழும் பள்ளங்கள். பள்ளம் இல்லாத படிகத்தில் அணுக்கள் மூலைக்கொன்றாகச் சிதறி வீணாகும்.

இனி, கழுவுதல். டெவலப்பர் என்னும் கழுவும் கரைசலில் உள்ள மெட்டால், ஹைட்ரோகுவினோன் போன்ற பொருள்கள் எலக்ட்ரான்களைக் கொடுக்கக் காத்திருப்பவை. ஆனால் படிகத்துக்குள் அவற்றை எளிதில் செலுத்த முடியாது, வாசல் வேண்டும். நான்கு அணுக்கள் கொண்ட அந்தப் புள்ளிதான் வாசல். அதன் வழியாக எலக்ட்ரான்கள் நுழைய, படிகத்தின் வெள்ளி அயனிகள் ஒவ்வொன்றாக வந்து புள்ளியோடு சேர, முழுப் படிகமும் சிக்குண்ட நூலிழைகள் போன்ற வெள்ளியாக மாறிவிடுகிறது. நூலிழைச் சிக்கல் ஒளியை விழுங்குவதால் அது பளபளக்காமல் கறுப்பாகத் தெரிகிறது. பக்கத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் உள்ள வெள்ளி புரோமைடு கனசதுரத்தில் சுமார் 2000 கோடி வெள்ளி அயனிகள் உள்ளன. நான்கு அணுக்கள் 2000 கோடியாகின்றன என்றால், பெருக்கம் 500 கோடி மடங்கு. மின்சாரமோ கருவியோ இல்லாமல், ஒரு டப்பாவுக்குள் பத்து நிமிடத்தில் இது நடந்துவிடுகிறது.

வாசல் இல்லாத படிகங்களும் டெவலப்பரில் மெதுவாகக் கறுக்கவே செய்யும் என்பதால்தான் 20 டிகிரி வெப்பம், இத்தனை நிமிடம் என்ற கண்டிப்பு. நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீரே 30ஐத் தாண்டுவதால் ஐஸ் கட்டியில்லாமல் இருட்டறை நடத்த முடியாது. பிறகு அமிலக் கரைசலில் வினையை நிறுத்தி, ஹைப்போ என்னும் கரைசலில் மீதி வெள்ளி உப்பைக் கரைத்து, நீரில் அலசிக் காயவைத்தால் நெகட்டிவ் தயார்.

ஃபிலிமுக்கு ஃபிலிம் தோற்றம் மாறுவதும் இந்தக் கணக்கால்தான். பெரிய படிகத்துக்கும் சிறிய படிகத்துக்கும் வேண்டியவை அதே நான்கு அணுக்கள்; பரப்பு அதிகமுள்ள பெரிய படிகம் அவற்றை விரைவில் ஈட்டிக்கொள்ளும், ஆனால் கழுவியபின் பெரிய கறுப்புப் புள்ளியாக நிற்கும். செய்திப் புகைப்படக்காரர்களின் விருப்பமான டிரை-எக்ஸ் 400 ஃபிலிமில் மணல் தூவியது போன்ற சொரசொரப்பு இருப்பது இதனால். 1980களில் கோடாக் கொண்டுவந்த டி-மேக்ஸ், படிகங்களைத் தட்டையான சில்லுகளாக வளர்த்து, வேகத்தைக் குறைக்காமல் சொரசொரப்பைக் குறைத்தது. எனக்கென்னவோ அதன் வழவழப்பைவிட டிரை-எக்ஸின் முரட்டுத்தனமே பிடிக்கிறது.

வெள்ளி புரோமைடுக்கு இயல்பாகத் தெரிவது நீல ஒளி மட்டுமே. படிகத்தின் மேல் சாயம் பூசினால் பிற நிறங்களையும் அது உணரும் என்று ஹெர்மன் ஃபோகல் 1873இல் கண்டார். சிவப்பை உணராத பழைய ஃபிலிம்களில் சிவந்த உதடுகள் கறுப்பாக விழுந்தன. சினிமாவில் காட்டுவதுபோல் சிவப்பு விளக்கில் இன்றைய ஃபிலிமைக் கழுவினால் எல்லாம் கறுத்துப்போகும். அந்த விளக்கு பிரிண்ட் போடும் தாளுக்கு உரியது. வண்ண ஃபிலிமில் டெவலப்பரின் கழிவே சாயமாக மாறுகிறது. வேலை முடிந்ததும் வெள்ளி முழுவதும் அகற்றப்படும்.

ஃபோட்டானுக்குப் பதிலாக மின்னேற்றமுள்ள துகள் படிகங்களைத் துளைத்துச் சென்றாலும் அதே நான்கு அணுக்கள் உருவாகும். கல்கத்தாவின் தேவேந்திர மோகன் போஸும் விபா சௌத்ரியும் டார்ஜிலிங் மலையில் ஒளித்தட்டுகளை (ஃபிலிமைப் போலவே வெள்ளி உப்பு பூசிய கண்ணாடித் தட்டுகளை) வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்களுக்கு மேம்பட்ட தட்டுகள் கிடைக்கவில்லை. நல்ல தட்டுகள் கையிலிருந்த பிரிஸ்டலின் செசில் பவல் 1947இல் பையான் என்ற நுண்துகளைக் கண்டறிந்து, 1950இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வுக்கு நிதி என்றாலே கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்தும் நம்மவர்கள், தட்டுக்கும் ரசாயனத்துக்கும் கைவிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இனி மாணவரின் சுருளுக்கு வருவோம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிகள் சொன்னதில் உண்மையில்லை. மறைபிம்பத்துக்குத்தான் ஆயுள் குறைகிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நான்கில் ஒன்றிரண்டு அணுக்கள் மீண்டும் அயனியாகலாம். காஸ்மிக் கதிர்களோ ஒளி படாத படிகங்களிலும் வாசல் திறந்து மூட்டம் போட்டுவிடும். ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிக் கிளம்பி மாண்ட ஆந்த்ரே குழுவினரின் ஃபிலிம், 33 ஆண்டுகள் பனியில் கிடந்து 1930இல் கண்டெடுக்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அதைக் கழுவியபோது, 240 படங்களில் 93 தேறின. திண்டுக்கல்லில் பனி இல்லைதான்.

ஆகவே அவருக்கு நான் எழுதிய பதில் இரண்டு வரிதான். சுருளை வண்ண ஃபிலிம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். அது வெள்ளி முழுவதையும் கரைத்து வெறும் நாடாவைத் திருப்பித் தரும். கறுப்பு வெள்ளை கழுவத் தெரிந்தவரிடம் கொடுத்து, முதலில் ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் முழு இருட்டில் வெட்டிக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.