பன்முகத்தன்மைக் கட்டுரைக்கு எதை எழுதுவது?

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டு ஜே.டி. என்னும் சட்டப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் கட்டுரைகளைப் படித்து ஆலோசனை சொல்வது என் தொழில். எல்சாட் என்னும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்காக மாதக்கணக்கில் உழைக்கும் குடும்பங்கள், தன் பின்னணியும் அனுபவமும் எப்படித் தனித்தவை என்று விண்ணப்பதாரர் சொல்லும் பன்முகத்தன்மைக் கட்டுரையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. பெரும்பாலான கல்லூரிகளில் அது கட்டாயமில்லை என்பதும், ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அவசரத்தில் முதலில் தவறிப்போவது பொருள் தேர்வுதான்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் முதல் வரைவுகளில் பரதநாட்டிய அரங்கேற்றம், பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பொய் ஏதுமில்லை. ஆனால் பெயரை மாற்றி வைத்தால் அதே கட்டுரை இன்னொரு பிள்ளைக்கும் பொருந்திவிடுகிறது என்பதே என் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியும் நடனத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில், வீட்டில் ஒரு நீலக் கோப்பு இருப்பதாகவும், அமெரிக்கக் குடியேற்றத் துறை குடும்பத்துக்கு அனுப்பிய ஐ-797 ஒப்புதல் அறிவிப்புகளைப் பன்னிரண்டு வயதிலிருந்து தேதிவாரியாக அடுக்கி வைப்பது தன் வேலை என்றும் சொன்னார். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 நிலை பிள்ளைகளுக்கு 21 வயதோடு முடிந்துவிடும். நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசையோ நகரவில்லை. தான் வளர்ந்த ஊரிலேயே தங்கிப் படிப்பதற்காக, எஃப்-1 மாணவர் நிலைக்கு மாற அவரே விண்ணப்பம் நிரப்பியிருக்கிறார். ஒரு சட்டப் பிரிவு மனிதரின் அன்றாடத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதை அந்தக் கோப்பிலேயே கற்றுவிட்ட பெண், அதை எழுதத் தகுந்ததாக நினைக்கவேயில்லை. வீட்டில் தினமும் கண்ணில் படுவது பொருளாகத் தோன்றாமல் போவது இயல்புதான். அதனால்தான் முதல் சந்திப்பில் வரைவை மூடி வைத்துவிட்டுப் பேசச் சொல்கிறேன்.

29 ஜூன் 2023 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தை அளவுகோலாகக் கொள்வதைத் தடுத்தது. ஆயினும், இனம் தம் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைப் பல்கலைக்கழகங்கள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும், அது அந்தத் தனிமனிதரின் துணிவு, உறுதி, திறன் ஆகியவற்றோடு இணைந்திருக்க வேண்டும் என்றும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதில் எழுதினார். ஆகவே “நான் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்” என்று மட்டும் சொல்லும் கட்டுரையால் இன்று பயனில்லை. இனம் அல்லாத பொருள்களும் தாராளமாக உண்டு: காது கேளாத தம்பியோடு வளர்ந்தது, குடும்பத்தில் முதல் பட்டதாரியானது, ராணுவத்தில் பணியாற்றியது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை இன்னும் ஆறாத துயரத்தை, இரக்கம் கிடைக்கும் என்று எண்ணி எழுதச் சொல்லாதீர்கள். எழுதும்போதே கை நடுங்கினால் அந்தப் பொருளை ஒதுக்கிவிடலாம். விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரையான தன்னறிக்கையில் சொன்னதையே இங்கும் சொல்வதானால், கட்டுரையை அனுப்பாமல் விடுவதே நல்லது.

தீர்ப்புக்குப் பின் பல கல்லூரிகள் கேள்வியின் வாசகத்தையே மாற்றி, அனுபவம், கண்ணோட்டம் என்று கேட்கின்றன. அந்த மாணவி ஒவ்வொரு கல்லூரியின் கேள்வியையும் தனித்தாளில் எழுதி நீலக் கோப்பின் பின்பக்கத்தில் செருகிக்கொண்டார். அதே கோப்பைப் பற்றிய கட்டுரையின் முதல் பத்தியை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினார்.