நாய்க்கயிறும் ரத்தக்குழாயின் உள்சுவரும்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு 71 வயது. அம்மா போனபிறகு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். நாய் வளர்த்தால் ஆயுள் கூடும் என்கிறார்களே, ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?"

இந்தப் பேச்சு 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்விலிருந்து வலுப்பெற்றது. இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். செல்லப்பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர் இறந்திருந்தார்கள். பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர்தான். 2017-இல் ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தார் 40 முதல் 80 வயது வரையிலான சுமார் 34 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசினார்கள். தனியாக வாழ்பவர்களில், நாய் வைத்திருந்தோர் அந்த ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது.

பெரிய எண்தான். ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்தானே நாய் வளர்க்கவே முன்வருவார்? மூட்டு வலிக்காரர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போகமாட்டார். அதே ஸ்வீடனில் 35,035 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2019-இல் செய்த ஆய்வு ஒன்று, நாய் வளர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மரபணுவோடு தொடர்புடையது என்று காட்டியது. அதே மரபணுக்களில் சில உடல்நலத்தையும் தொடக்கூடும். ஆகவே "நாய் ஆயுளைக் கூட்டும்" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பவேண்டாம். தொடர்பு இருக்கிறது, காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

சரி, நாயால் நிச்சயமாக மாறுவது என்ன? நடை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நடுவயது தாண்டிய 3,123 பேரின் உடம்பில் அசைவுமானியைக் கட்டிவிட்டு, வெயில், மழை, குளிர் எல்லா நாட்களிலும் அளந்தார்கள். தினமும் நாயை நடத்துபவர்கள் மிக மோசமான வானிலையில்கூட, நாய் இல்லாதவர்கள் மிக நல்ல வானிலையில் இயங்கியதைவிட அதிகம் இயங்கினார்கள்! என்னை மிகவும் கவர்ந்த முடிவு இது. நடைப்பயிற்சியில் கடினமான பகுதி நடப்பது இல்லை, இன்றைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பது. அந்த முடிவை நாய் எடுத்துவிடுகிறது. வாசலில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அந்த நடை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் நான் ஆசையோடு சொல்லவந்த விஷயம்.

நம் ரத்தக்குழாய்கள் எல்லாவற்றின் உள்பக்கத்திலும் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு விரிப்பு இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். குழாய்க்கு அடித்த பூச்சு மாதிரிதான் இது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் ரத்தக்குழாயில் நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சொட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஒரே மருந்துக்குக் குழாய் சிலசமயம் தளர்ந்தது, சிலசமயம் சுருங்கியது. தேடிப் பார்த்தால், சோதனைக்கு ரத்தக்குழாய்த் துண்டைத் தயாரிக்கும்போது உள்பக்கம் எங்கோ உரசி, அந்த ஒற்றைச் செல் விரிப்பு வழித்துக்கொண்டு போயிருந்தால் குழாய் தளர்வதில்லை. விரிப்பு பத்திரமாக இருந்தால் தளர்கிறது. அப்படியானால் அந்தப் "பூச்சு"தான் ஏதோ ஒன்றைச் சுரந்து தசையைத் தளரச் சொல்கிறது! 1980-இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு, ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சாதாரண வாயு, என்று பிற்பாடு தெரிந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு.

இந்த வாயு சில நொடிகளில் அழிந்துவிடும். சேமித்து வைக்க முடியாது, தேவைப்படும்போதெல்லாம் புதிதாகச் செய்தாகவேண்டும். செய்யத் தூண்டுவது எது என்றால், ரத்தத்தின் உரசல். ஆற்று நீர் கரையைத் தேய்த்துக்கொண்டு ஓடுவதுபோல ரத்தம் அந்தச் செல்களைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது. தேய்ப்பு கூடினால் செல்லுக்குள் ஒரு நொதி முடுக்கம் பெற்று, அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது. அது பக்கத்துத் தசைக்குப் பரவ, குழாய் விரிகிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைகட்டி ஆவதையும் அது தடுக்கிறது. வயது ஏற ஏற இந்தத் திறன் மங்குகிறது; ரத்தக்குழாய் விறைக்க அதுவும் ஒரு காரணம்.

உட்கார்ந்தே இருந்தால் கால்களில் ஓட்டம் மந்தமாகி உரசல் குறைகிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று மணிநேரம் அசையாமல் உட்காரவைத்தபோது, ஒரு மணிநேரத்திலேயே தொடை ரத்தக்குழாயின் விரியும் திறன் வெகுவாகச் சரிந்தது. இன்னொரு நாள், இடையில் மூன்று தடவை ஐந்தைந்து நிமிடம் மெதுவாக நடக்கவைத்தார்கள். சரிவு ஏற்படவே இல்லை. இளைஞர்களிடம் பார்த்ததை முதியவர்களுக்கு அப்படியே பொருத்தக்கூடாதுதான். ஆனாலும் காலையில் ஒரு நடை, மதியம் கதவைத் திறந்துவிட ஒரு எழுகை, மாலையில் ஒரு நடை, இரவு தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப ஒரு எழுகை என்று நாய் ஒரு நாளை எப்படிப் பிரித்துப்போடுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு ஆதங்கம். நடைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. அதனால் மருந்து நிறுவனங்களுக்கு இதில் அக்கறை இல்லை. செல்லப்பிராணி ஆய்வுகளுக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி பிராணி உணவு விற்பவர்களிடமிருந்து வருகிறது. பொதுப்பணத்தில் நீண்டகால ஆய்வுகள் நடந்தால்தான் காரணம் எது, தற்செயல் எது என்று பிரித்தறிய முடியும்.

ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்கள் கயிற்றில் நாயை நடத்தும்போது எலும்பு முறிந்து அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் 2004-இல் 1,671 என்று கணக்கிடப்பட்டன. 2017-இல் அது 4,396 ஆனது. முக்கால்வாசிக்கும் மேல் பெண்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கு ஒரு திடீர் இழுப்பு போதும், இடுப்பு எலும்பு போய்விடும். அப்புறம், நாய் நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதன் எச்சிலில் உள்ள சில பாக்டீரியாக்கள் எதிர்ப்புசக்தி குறைந்த முதியவர்களுக்கு அரிதாக உயிராபத்தையே உண்டாக்கியிருக்கின்றன.

எனவே வாசகருக்கு என் யோசனை. துள்ளும் குட்டி வேண்டாம். தடுப்பூசி போட்ட, நிதானமான, வளர்ந்த நாயாக, அப்பாவின் கைப்பலத்துக்கு அடங்கும் அளவில் பாருங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் தெரிந்தவர் ஒருவரின் நாயைச் சில வாரம் மாலையில் நடத்திப் பார்க்கட்டும். பிடிக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அவரால் முடியாத நாளில் கயிற்றை யார் பிடிப்பது என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.