சாங்ஷன் லெட்டரைப் படிக்கத் தெரிகிறதா?

சேலத்தில் ஆடிட் ஆபீஸ் வைத்திருப்பவன் என்பதால், வேலை கேட்டு வரும் பி.காம்., எம்.காம். பிள்ளைகளை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். ஒர்க்கிங் கேபிட்டல் என்றால் என்ன என்று கேட்டால் ‘கரண்ட் அசெட்ஸ் மைனஸ் கரண்ட் லயபிலிட்டீஸ்’ என்று மளமளவென்று பதில் வரும். ஒரு ஜவ்வரிசி மில்லின் பாலன்ஸ் ஷீட்டை நீட்டி, "இதில் எவ்வளவு, சொல்லுப்பா" என்றால் பேச்சு நின்றுவிடும். ஆங்கிலம் வராததால் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சொற்கள் புழங்கும் காகிதத்தை, கடன் தரச் சம்மதித்து பேங்க் கொடுக்கும் சாங்ஷன் லெட்டர் போன்றவற்றை, அவர்கள் கண்ணில் யாரும் காட்டியதில்லை.

டிராயிங் பவரை, அதாவது கையிலிருக்கும் சரக்கைப் பொறுத்து பேங்கிலிருந்து அந்த மாதம் எடுக்கக்கூடிய தொகையை எடுத்துக்கொள்வோம். கிழங்கு சீசனில் ஒரு மில் மாதாமாதம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறது. கையில் 60 லட்ச ரூபாய்க்குச் சரக்கு. அதில் கிழங்குக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி 20 லட்சம். மீதி 40 லட்சத்தில், மில் தன் சொந்தப் பணமாகப் போட வேண்டிய மார்ஜின் 25 சதவீதம் போனால் 30 லட்சம். வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்றால், கேஷ் கிரெடிட் லிமிட் (பேங்க் ஒப்புக்கொண்ட கடன் உச்சவரம்பு) 50 லட்சமாக இருந்தாலும் அந்த மாதம் எடுக்க முடிவது 30 லட்சம்தான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவனுக்கு லிமிட், மார்ஜின், ஹைப்பாதிகேஷன் (சரக்கு மில்லிடமே இருக்க, அதை பேங்குக்கு ஈடாகக் காட்டுவது), சண்ட்ரி கிரெடிட்டர்ஸ் (நாம் பாக்கி தர வேண்டியவர்கள்) எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிடும். தனித்தனியாக நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலைத் தாண்டாது.

அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் நிற்கும் கேரண்டி பத்திரம் இன்னும் ஆபத்தானது. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா கூப்பிட்டார் என்று எம்.காம். படித்த பையனே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். ‘கோ-எக்ஸ்டென்சிவ்’ என்று அதில் அச்சாகியிருக்கும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவில் இருப்பது அது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் கடன் வாங்கியவரிடம் வசூலித்துவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

யூடியூபில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க வீடியோக்களில் ஸ்டாக் என்றால் பெரும்பாலும் பங்கு. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் ஸ்டாக் என்றால் குடோனில் கிடக்கும் மூட்டை. மில்லியனை 10 லட்சம், பில்லியனை 100 கோடி என்று மாற்றத் தடுமாறும் பிள்ளைகளும் உண்டு. இன்டர்வியூவில் இதில்தான் மானம் போகிறது.

பேராசிரியர்கள் மனசு வைத்தால், வாடிக்கையாளர் பெயரை மறைத்த சாங்ஷன் லெட்டரை வகுப்பில் வைத்தே நடத்தலாம். கேட்டால் தருகிற ஆடிட்டர்கள் ஊரில் இருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சேலம் இரும்பாலை, பொதுத்துறை எஃகு நிறுவனமான செயிலின் (SAIL) ஒரு பிரிவு. செயிலின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதையும் படிக்க உட்காராதீர்கள், தூக்கம் வந்துவிடும். ஒவ்வொரு பிரிவின் கணக்கையும் தனித்தனியாகக் காட்டும் செக்மென்ட் ரிப்போர்ட்டிங் என்ற இடத்துக்கு நேராகப் போய் சேலம் ஆலையின் வரியைத் தேடுங்கள். வருமானம் எவ்வளவு, லாபமா நஷ்டமா என்று பாருங்கள். பிறகு கன்டிஞ்சென்ட் லயபிலிட்டீஸ் (தலையில் விழலாம், விழாமலும் போகலாம் என்ற பொறுப்புகள்) குறிப்புக்கு வந்து, வழக்கில் நிற்கும் தொகைகள் ஏன் பாலன்ஸ் ஷீட்டுக்குள் ஏறாமல் வெளியே நிற்கின்றன என்று உங்கள் சாரிடம் கேளுங்கள்.