அப்பத்தாவின் வாயை அடைத்த பள்ளி விதி

போன வாரம் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அப்பத்தா தன் பேரனைக் கூட்டி வந்தார். இரண்டாம் வகுப்பு. "ஏனுங்க டீச்சர், எழுத்துக் கூட்டிப் படிக்க மாட்டேங்கறானுங்க. வாயே தொறக்கறதில்லீங்க" என்றார். பள்ளி டைரியை வாங்கிப் புரட்டினேன். பையன் வாசிக்கத் திணறுகிறான் என்று முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் அப்பாவின் கையெழுத்து. பனியன் கம்பெனியில் நைட் சிப்ட் முடித்து வரும் அவருக்கு அந்த வரிகள் புரியவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் வாய்வழியாகச் சொன்ன ஒன்று மட்டும் வீடு வந்து சேர்ந்திருக்கிறது: பிள்ளையிடம் தமிழில் பேசாதீர்கள்.

"எனக்கு எங்கீங்க இங்கிலீசு வருது? அதனால அவங்கூடப் பேசறதையே கொறச்சுக்கிட்டேனுங்க" என்றார் அப்பத்தா.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இப்படி என்னிடம் வரும் நாலாவது பிள்ளை இவன். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்பது சுத்தப் பொய். நம் ஊரிலேயே பாருங்கள். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தெருவில் தமிழ் பேசி வளர்ந்த தறிக்காரக் குடும்பங்கள் எத்தனை! யாருக்காவது நாக்கு குழம்பியதா? திருப்பூர் லைன் வீடுகளில் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் ஆறே மாதத்தில் "அண்ணா, அஞ்சு ரூபாய்க்கு முறுக்கு குடுங்க" என்கிறார்கள். தாய்மொழியில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளைக்கு இன்னொரு மொழியும் எளிதாகவே ஒட்டும். ஒரு மொழியிலும் முழுதாகப் பேசவிடாமல் வளர்த்த பிள்ளைதான் இரண்டிலும் திக்கித் திணறும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழை நிறுத்திவிட்டுத்தான் அது வரும் என்று நினைக்காதீர்கள் என்கிறேன்.

வாசிப்புக்கும் பேச்சுதான் அடி. க, ட், டு, த், த, ரை என்று கூட்டும்போது, காதில் ஏற்கெனவே இருக்கும் 'கட்டுத்தரை' (மாடு கட்டும் இடம்) வந்து கைகொடுக்க வேண்டும். அந்தச் சொல்லையே கேட்டறியாத பிள்ளைக்கு அது ஆறு தனித்தனி எழுத்து, அவ்வளவுதான். அந்தப் பையனிடம் தட்டின் படத்தைக் காட்டினேன். "வட்டல்" என்றான் மெதுவாக. எங்கள் கொங்குப் பேச்சில் தட்டுக்கு அதுதான் பெயர். சொன்ன கையோடு, தப்போ என்று பயந்து அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தான். சரிதான் சாமி என்றதும் போசி (பாத்திரம்), சீமாறு (துடைப்பம்), சந்தகை (இடியாப்பம்) என்று வரிசையாக வந்தது. சொற்கள் இல்லாத பிள்ளையல்ல அவன். (சக ஆசிரியர்களே, மதிப்பீட்டில் 'வட்டல்' என்ற பதிலுக்குத் தவறு போடாதீர்கள்.)

தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம், வெளியே நிற்க வைப்பது என்று விதி வைத்திருக்கும் பள்ளிகள் இன்னமும் இருக்கின்றன. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு பிள்ளையின் மனதை வதைப்பதையும் தடுக்கிறது. 29ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. தாளாளர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாட்டும் கதையுமாகக் கற்பிக்கிறார்கள். "அங்கே விளையாட்டுத்தான் நடக்குதுங்க" என்று அதை ஒதுக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: எழுத்து தெரியாத பிள்ளையை எழுத்திலிருந்தே தொடங்குவதுதான் அதன் சாரம். மூன்றாம் வகுப்புப் பாடத்தைப் பத்து முறை பார்த்து எழுத வைப்பதால் வாசிப்பு வராது. கைதான் வலிக்கும்.

வீட்டில் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். பாடத்தைக் கடகடவென ஒப்பிக்கும் பிள்ளையின் புத்தகத்தில் படத்தைக் கையால் மூடிவிட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். பிறகு கடைசி வரியிலிருந்து ஒரு சொல். சொல்லத் தெரியவில்லையென்றால் அவன் வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறான். கொ, கோ, கௌ போல எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி வரும் இடங்களில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் தடுமாறுவார்கள், அதற்குப் பதறாதீர்கள். ஒன்றாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் 'படம்', 'மரம்' கூட்ட முடியவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். "அவங்கப்பனும் லேட்டாத்தான் படிச்சான்" என்று இன்னும் இரண்டு வருடத்தைக் கரைக்க வேண்டாம்.

முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைக்குச் சொற்கள் மங்கலாகத்தான் கேட்கும். அடுத்து கண். அதன் பிறகு உங்கள் வட்டார வள மையத்தில் (ஒன்றிய அளவில் கல்வித்துறை நடத்தும் மையம்) சிறப்பாசிரியரைப் பாருங்கள், செலவில்லை. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கான சான்றிதழுக்கு எட்டு வயதாகட்டும் என்பார்கள். ஆகட்டும், பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆறு வயதிலேயே தொடங்கலாம்.

பள்ளிகளிடம் கைகூப்பிக் கேட்கிறேன். பிள்ளை திணறுகிறது என்று எழுதி அனுப்பினால் தமிழில் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னும் போடாமல் அந்த அப்பாவுக்கோ அம்மாவுக்கோ குரல்பதிவாக அனுப்புங்கள். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த அப்பத்தாவுக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் இதுதான். தினமும் ராத்திரி ஒரு கதை சொல்லுங்கள், அடுத்த நாள் அதையே பேரனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்வதில் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அவன் அப்பா எழுதித் தரட்டும், அதைத்தான் அவன் வாசிக்க வேண்டும். நேற்று ஒரு தாளின் போட்டோ வந்தது. கோணல் எழுத்தில் ஒரே வரி: 'எருமை கிணத்துல உழுந்துருச்சு.' கூடவே அவன் அதை வாசிக்கும் குரலும் வந்திருந்தது. 'கிணத்துல' வந்ததும் நின்று, கூட்டி, சரியாகச் சொல்லிவிட்டான்.