அரை ஏக்கரும் ஒரு மிதி பம்பும்

வங்கதேசத்தின் வடக்கே ரங்பூர் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. மழை ஓய்ந்த பிறகும் பல இடங்களில் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்திலேயே கிடைத்துவிடும். இருந்தும் அரை ஏக்கர்க்காரர் கோடையில் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். டீசல் எஞ்சின் வாங்க அவரிடம் பணமில்லை. வாங்கினாலும் அரை ஏக்கருக்கு அது மிகப் பெரிது. வாளியில் மொண்டு ஊற்றினால் கீரைப்பாத்தி நனையும், வயல் நனையாது.

இந்த இடைவெளிக்குப் பொருந்தியதுதான் மிதி பம்பு. அங்கே ஆர்.டி.ஆர்.எஸ். என்ற தொண்டு அமைப்பில் இருந்த நார்வே பொறியாளர் குன்னர் பார்ன்ஸ் 1980-ஐ ஒட்டி இதை உருவாக்கினார். தகரத்தில் சுமார் மூன்றரை அங்குல விட்டத்தில் இரண்டு உருளைகள். அடியில் இரண்டும் ஒரே உறிஞ்சு குழாயில் சேரும். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன், அதில் கசிவை அடைக்கும் கிண்ண வடிவ வளையமான கப் வாஷர். மேலே இரண்டு மூங்கில் மிதிகள். கப்பி மேல் போகும் கயிறு இரண்டையும் இணைப்பதால் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். நம் ஊர் ஏற்றத்தில் மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கை ஓய்ந்துவிடும், உடல் எடையும் தொடையும் சீக்கிரம் ஓயாது.

இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஓர் ஆள் மணிக்கணக்கில் தாங்கக்கூடிய உழைப்பு சுமார் 75 வாட். அதில் பாதி உராய்வில் வீணானாலும் நான்கு மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர், மணிக்கு 3,600 லிட்டர் வரும். அரை ஏக்கர் காய்கறிக்கு நாளொன்றுக்கு நிலம் முழுக்க ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 10,000 லிட்டர். மூன்று மணி நேர மிதிப்பு. வயலில் கசிவும் சேர்ந்து பத்து மில்லிமீட்டர் கேட்கும் நெல்லுக்கு ஆறு மணி நேரம். ஒரு குடும்பம் மாறி மாறி மிதித்தால் முடியும். இரண்டு ஏக்கர் நெல்லுக்கு முடியவே முடியாது. "எவ்வளவு நிலத்துக்கும் போதும்" என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொரு எல்லை ஆழம். மிதி பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது காற்றை வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் பத்து மீட்டர் சொச்சம் தண்ணீரைத்தான் தாங்கும். கசிவும் உராய்வும் போக ஏழு மீட்டர்தான் நடைமுறையில் கிடைக்கும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற ஏற ஏறத்தாழ ஒரு மீட்டர் குறையும். ஆகவே மழைக்கால நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பம்பு வாங்கக் கூடாது. கோடையின் கடைசியில், பக்கத்துக் கிணறுகளெல்லாம் இறைபடும் நாளில், கயிற்றில் கல் கட்டி அளக்க வேண்டும்.

குழாய்க்கிணறு போடுவதும் அங்கே கைவேலைதான். ஒருவர் மூங்கில் நெம்புகோலால் இரும்புக் குழாயை ஏற்றி இறக்க, மேலே உட்கார்ந்திருப்பவர் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடித் திறப்பார். அந்தக் கைதான் வால்வு. சாணம் கரைத்த தண்ணீரைக் குழியில் ஊற்றிக்கொண்டே இருந்தால் பக்கச் சுவர் சரியாது. மண்ணும் சேறும் குழாய் வழியே மேலே துப்பும். வண்டல் மண்ணில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும், பாறை தட்டும் ஊரில் இந்த முறை உதவாது. வடிகட்டியின் கீறல் அகலமாக இருந்தால் மணல் ஏறிச் சில வாரத்தில் வாஷரைத் தின்றுவிடும். புதுக் கிணற்றைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை இறைத்துவிட்டுத்தான் பயிருக்குத் திருப்ப வேண்டும்.

இதோடு சேர்த்தே சொல்ல வேண்டியது ஆர்சனிக் என்ற நஞ்சு. வங்கதேசத்தின் ஆழமில்லாக் குழாய்க்கிணறுகளில் அது இருப்பது 1990-களில் தெரியவந்தது. நிறம், மணம், சுவை எதிலும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. பயிருக்கென்று போட்ட பம்பில் பிள்ளைகள் தாகத்துக்குக் குடிப்பது சகஜம் என்பதால் ஒவ்வொரு கிணற்றையும் தனியாகச் சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறு சோதனையில் தேறிப் பச்சை நிறம் வாங்கியதால் இதுவும் நல்லது என்று ஆகாது.

பம்பு நன்றாக இருந்தால் மட்டும் லட்சக்கணக்கில் பரவாது. 1980-களின் நடுவில் ஐ.டி.இ. என்ற அமைப்பு இதை எடுத்துக்கொண்டது. நிறுவியவர் பால் போலக், அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த மனநல மருத்துவர். பம்பை அவர்கள் தானமாகக் கொடுக்கவில்லை. சிறு பட்டறைகள் செய்தன, கிராமத்துக் கடைகள் விற்றன, போர் போடும் மிஸ்திரிகள் பூட்டிக் கொடுத்தார்கள். மூவருக்கும் ஆளுக்கொரு லாபம். அமைப்பு செலவழித்தது விளம்பரத்துக்கும் பயிற்சிக்கும்தான். கதையோடு படம் எடுத்து ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார்கள். குழாயும் கூலியும் சேர்த்து ஏறக்குறைய 25 டாலரில் பம்பு தண்ணீர் கொட்டியது. சுமார் பதினைந்து லட்சம் விற்றன.

மிஸ்திரியின் லாபத்தை வீண்செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. அரசோ நன்கொடையாளரோ டெண்டர் விட்டு இலவசமாகக் கொடுக்கும்போது முதலில் அறுபடும் கண்ணி அவர்தான். ஊரில் எல்லோருக்கும் பம்பு இலவசமாக வந்துவிட்டால் கடைக்காரர் எதை நம்பி வாஷர் வாங்கி வைப்பார்? அடுத்த கோடையில் வாஷர் கிழியும். பம்பு கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுக்கும்.

கென்யாவில் இதே பம்பு அப்படியே செல்லாது. வங்கதேச வயல் தட்டையானது. தண்ணீர் பம்பின் வாயிலிருந்து கொட்டினால் போதும். கென்யாவில் ஓடை பள்ளத்தில் இருக்கும், தோட்டம் மேட்டில் இருக்கும். 1991-இல் நைரோபியில் மார்ட்டின் ஃபிஷரும் நிக் மூனும் தொடங்கிய நிறுவனம் (இன்று கிக்ஸ்டார்ட்) 1990-களின் பிற்பாதியில் கொண்டுவந்த பம்பு ஏழு மீட்டர் உறிஞ்சி, தள்ளுவதோடு சேர்த்து மொத்தம் பதினான்கு மீட்டர் வரை ஏற்றும். ஹோஸ் பைப்பில் தெளிக்கலாம். மிதிகளைத் தரையை ஒட்டியே வைத்தார்கள். பாவாடை கட்டிய பெண்கள் உயரத்தில் நின்று மிதிக்கக் கூசுவார்கள், மிதிப்பவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ராத்திரி வீட்டுக்குத் தூக்கிப் போகும் எடையில் இருப்பதும் முக்கியம், இல்லாவிட்டால் திருடு போகும்.

விலை அங்கே பல குடும்பங்களுக்கு ஒரே தவணையில் எட்டாது. அறுவடைக் காசு கையில் தங்காது. கடன் கொடுப்பாரும் இல்லை. 2007-இல் வந்த எம்-பேசா கைபேசிப் பணம் இதற்கு ஒரு வழி திறந்தது. சிறுகச் சிறுக அனுப்பிச் சேர்த்து, தொகை நிறைந்ததும் பம்பை எடுத்துக்கொள்ளலாம். "சொட்டுச் சொட்டாகப் பம்பு" என்று பொருள்படும் சுவாஹிலிப் பெயரில் அது நடந்தது. கடன் இல்லை, வட்டி இல்லை. பம்பு கைக்கு வரத் தாமதமாகும் என்பது மட்டுமே குறை.

களத்தில் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒன்றுதான்: "மிதிக்கிறோம், தண்ணி வரலை." பம்பைப் பிரிக்கும் முன் உறிஞ்சு பக்கத்தைப் பாருங்கள். மிதி கனமில்லாமல் இறங்கி, பம்பின் வாயில் தண்ணீர் நுரைத்தால் எங்கோ காற்று வாங்குகிறது. இணைப்பில் சேற்றைக் குழைத்துப் பூசி மிதித்துப் பாருங்கள். சேறு உள்ளே உறிஞ்சப்படும் இடம்தான் ஓட்டை. மிதி பாறைபோல் இறுகினால் வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது மெல்லிய பைப் உறிஞ்சும்போது சப்பிப்போயிருக்கும். உறிஞ்சு பக்கம் சுருள்கம்பி வைத்த பைப்தான் வேண்டும். தோல் வாஷரை உலர்ந்தபடி மாட்டினால் கிழியும். முந்தைய இரவே எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். ஓடையில் போடும் ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சு குழாயின் அடிநுனி வால்வு, ஓடையின் தரையிலிருந்து ஒரு முழமாவது உயரத்தில், ஒரு கூடைக்குள் தொங்க வேண்டும்.

தண்ணீர் வந்த பிறகு வேறொரு தொல்லை. பம்பு வாங்கிய ஊரே தக்காளி போட்டால் அறுவடை நாளில் சந்தையில் கூடைக்கு விலை இருக்காது. பம்பின் பலனே மழையை நம்பியவர் விதைக்க முடியாத மாதத்தில் விதைக்க முடிவதுதான். எனவே அரை ஏக்கரை நாலு துண்டாக்கி இரண்டு வார இடைவெளியில் நடுவதும், சந்தையில் எந்த மாதம் எது விலையேறுகிறது என்று வாங்கும் முன்பே விசாரிப்பதும் பம்பு வாங்கும் செலவோடு சேர்ந்த வேலை.

வங்கதேசத்தில் 1980-களின் இறுதியில் சிறு டீசல் எஞ்சின் இறக்குமதியை அரசு தளர்த்தியது. மலிவான எஞ்சின்கள் வந்தன. வாங்கியவர் தன் வயலுக்குப் போக மிச்சத்தை அண்டை வயல்களுக்கு விற்கத் தொடங்க, அரை ஏக்கர்க்காரருக்கு மிதிப்பதைவிடத் தண்ணீர் வாங்குவது லாபமாகப் பட்டது. எஞ்சின்கள் கூடக்கூட நீர்மட்டம் ஏழு மீட்டருக்குக் கீழே போன ஊர்களில் மிதி பம்பும் நின்றுபோயிற்று. இப்போது சூரிய ஒளி பம்புகள் அந்த இடத்துக்கு வருகின்றன. அவற்றுக்கு எரிபொருள் செலவில்லை, ஆகவே நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. பம்பு விற்பவர் நீர்மட்டத்தை அளப்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ளாத ஊரில், அடுத்து வறளப்போவது அரை ஏக்கர்க்காரரின் ஆழமில்லாக் கிணறுதான்.